பூமி ஒரு கடலை என்றால்

என் மகள் என்னோடு திரும்பவும் கதைக்கத் தொடங்கியது ஒரு கடலையை வைத்துத்தான். அவித்துத் தாளித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுப் பின்னேரங்களில் விற்பார்களே, அந்தக் கொண்டைக் கடலை. இது அவிக்காதது.

அதற்கு முந்திய எழுபது நாளில் அவள் என்னிடம் சொன்னதை எல்லாம் சேர்த்து எழுதினால் கொப்பியில் ஒரு பக்கம் வராது. ஓம். இல்ல. பெரியும்மா சோறு தந்த. தண்ணி வைக்கட்டா. பத்து வயது, வாய் ஓயாத பிள்ளை. வகுப்பில் கதைக்கிறாள் என்று வருடம் தவறாமல் முறைப்பாடு வரும். அவள் ஊமையாகிப் போகவில்லை. அடுத்த வளவில் பெரியும்மா வீட்டில், என் கூடப் பிறந்த மூத்தவள் ராத்தாவின் வீட்டில், அவள் சிரித்துக் கதைக்கிற சத்தம் மதிலைத் தாண்டி எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என்னோடு மட்டும் இல்லை.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவர் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மார்க்கம். கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டோடு என்பதை அறையோடு என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு ஒரு திரை, வெள்ளை உடுப்பு, ரோட்டுப் பக்கத்து ஜன்னல் பூட்டு. வானத்தைப் பார்க்கப்படாது, வெயில் மேலில் படப்படாது என்று வந்து போகிற பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்படியெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு நேரமாக இருந்தால், எந்தக் கிதாபில் இருக்கிறது, கொண்டு வாங்க பார்ப்போம் என்று சண்டைக்கு நின்றிருப்பேன். பதினேழு வருடமாக ஆறாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். பாடசாலையில் என் வாய்க்குப் பயந்து அதிபரே சுற்றிப் போவார். இந்த முறை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ராத்தா அதைப் பார்த்துத்தான் பயந்து போனாள். "ஆரோடயாவது ஒரு சண்ட புடி புள்ள, எனக்கு உன்னப் பாக்கப் பயமாக் கெடக்கு" என்று சொன்னாள். அதற்கும் தலையை ஆட்டினேன்.

நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அவர் காலையில் இறக்காமத்து வயலுக்கு வரம்பு பார்க்கப் போனார். பத்து மணியளவில் வரம்பிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் அடக்கியும் ஆகிவிட்டது. மையத்தை, அவருடைய உடலை, கொண்டு வந்து வீட்டு நடுவில் வைத்தபோது நான் கதிரை போதுமா என்று கேட்டேன். மின்விசிறியை மையத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன். குளிப்பாட்டுகிற இடத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் தலையில் அடித்து அழுதார்கள். "கல்லு மாதிரி நிக்கிறா பாருங்க" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. மகளின் காதிலும் விழுந்தது, ஏனென்றால் அவள் உடனே திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு போய் ராத்தாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுடைய படுக்கையும் ராத்தா வீட்டில்தான்.

அவர் போய்விட்டார் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சூரியன் பூமியைவிட நூற்றொன்பது மடங்கு அகலம் என்று தெரியுமே, அப்படி. கேட்டால் சொல்வேன், சோதனையில் வந்தால் எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் அந்த நூற்றொன்பதைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், பிள்ளைகள் அழகாகத் தலையை ஆட்டிக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். ஒரு பிள்ளையின் முகத்திலாவது அந்த எண் பட்டுத் தெறித்ததை நான் கண்டதில்லை. என் முகத்திலும் பட்டிருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் அவள் திரையை விலக்கிக்கொண்டு கொப்பியோடு வந்து நின்றாள்.

"உம்மா, கண்காட்சிக்கு எனக்கு சூரியனும் பூமியும் தந்திருக்காங்க. ஒண்டாம் ரெண்டாம் வகுப்புப் புள்ளைகளுக்கு விளங்குற மாதிரிச் செய்யணுமாம்."

"என்ன வச்சிச் செய்யச் சொன்ன?"

"புட்போலும் தேசிக்காயும்."

எழுபது நாளில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ கொஞ்சம் சூடேறியது. துக்கம் இல்லை, எரிச்சல். "புட்போல் சூரியனெண்டா பூமி தேசிக்காயா? ஆரு சொன்ன? ஒரு கடுகு. ஒரேயொரு கடுகு. அதக் கொண்டு போய் இருபத்து மூண்டு மீற்றருக்கு அங்கால வைக்கணும். ரெண்டையும் மேசையில பக்கத்துப் பக்கத்துல வச்சிக் காட்டினா அது பொய்."

அவள் கொப்பியைத் திறந்து இருபத்து மூன்று என்று எழுதினாள். "மிளகெண்டா?"

"மிளகு அஞ்சு மில்லிமீற்றர் எண்டு வைப்பம். சூரியன் அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட. தூரம் அம்பத்தொம்பது மீற்றர் வரும்."

"கடலையெண்டா?"

"கடலை ஒரு சென்ரிமீற்றர். சூரியன் ஒரு மீற்றரும் ஒம்பது சென்ரிமீற்றரும். தூரம் நூத்துப் பதினேழு மீற்றர்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை, போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் வெளி மணல் கொஞ்சம் கொட்டிக் கிடந்தது. நான் அதைக் கூட்டி அள்ளினேன்.

அடுத்த நாள் பின்னேரம் உள்ளங்கையில் ஒரு கடலையோடு வந்தாள். நான் மிளகுதான் சரி என்று சொன்னேன். மிளகென்றால் சூரியனை ஒரே பிறிஸ்டல் போட் அட்டையில் மட்டுமட்டாக வெட்டி எடுக்கலாம். கடலையென்றால் நாலு போட் ஒட்ட வேண்டும். கொண்டு போக ஓட்டோவுக்குள்ளும் அடங்காது. அதோடு அவளுடைய பாடசாலை மைதானமே நூற்றுப் பதினேழு மீற்றர் நீளம் இல்லை.

"கடலதான்."

"ஏன்?"

"கடலதான் வேணும் உம்மா. முதல்ல வீட்டுல செஞ்சு பாக்கணும்."

காரணம் கேட்டால் வாயை இறுக்கிக்கொண்டாள். எனக்கு எதிராக நிற்க ஓர் இடம் தேடுகிறாள், அது கடலையில் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். உம்மா அழவில்லை, ஆகவே உம்மா சொல்கிற மிளகும் வேண்டாம். என் பிடிவாதத்தை அப்படியே உரித்து வைத்திருப்பவள், என்னாலும் மறுத்துச் சொல்ல ஏலாது. சரி, கடலை என்றேன்.

மூன்று பின்னேரம் என் அறைத் தரையில் இருந்து சூரியன் செய்தோம். நாலு போட்டையும் பின்பக்கம் ஒட்டி, நடுவில் ஆணி வைத்து, ஐம்பத்து நாலரை சென்ரிமீற்றர் நூலில் பென்சிலைக் கட்டிச் சுற்றினோம். நூல் மருதமுனையில் நெசவு செய்கிற சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தது, நல்ல முறுக்கு, இழுத்தாலும் நீளாது. மஞ்சள் மை போதாமல் கடைசியில் கொஞ்சம் செம்மஞ்சள் கலந்தோம். அந்த மூன்று பின்னேரமும் அவள் அளவைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. இவ்வளவு போதுமா, இதில வெட்டட்டா, பசை காஞ்சிட்டா. நான் கேட்க நினைத்தது வேறு. உம்மாவோட கோபமா என்று இரண்டு சொல் கேட்டால் போதும். வாயைத் திறந்தால், அந்த விளிம்பை இன்னும் கொஞ்சம் வெட்டு என்றுதான் வந்தது.

இத்தா முடிந்து நான் பாடசாலைக்குப் போகத் தொடங்கினால் எல்லாம் பழையபடி ஓடும். சமையல் நடக்கும், உடுப்புக் கழுவ வேண்டி வரும், அவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வரும். அந்த ஓட்டத்துக்குள் இவள் என்னை விட்டு விலகியது அப்படியே இறுகிவிடும், பிறகு ஒருநாளும் இளகாது என்று எனக்குப் பட்டது. பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. பயம் வரவில்லை. இது பயப்பட வேண்டிய விசயம் என்பது மட்டும் விளங்கியது. பிள்ளை கையை விட்டுப் போவதை ஒரு தாய் இப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பாளா என்று யோசித்தேன். அந்த யோசனையும் நோகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சூரியனைக் கொண்டு போய் என் ஜன்னலின் வெளிப்பக்கம் கம்பியில் கட்டினாள். எங்கள் வீடு ஒழுங்கையின் தலைப்பில் அதைப் பார்த்தபடி நிற்கிறது, ஒழுங்கை அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நேராகப் போகிறது. அதனால் ஜன்னலில் கட்டினால் ஒழுங்கை நெடுகத் தெரியும் என்றாள். ஜன்னல் முழுவதும் மறைந்து, கண்ணாடியால் வந்த கொஞ்ச வெளிச்சமும் போய் என் அறை இருண்டது. சூரியனைக் கட்டி அறை இருண்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ரோட்டால் போன ஒரு மனுசி கேற்றைத் திறந்து வந்து ராத்தாவிடம் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"இத்தா ஜன்னலுக்கு மஞ்சள் வட்டம் கட்டுறது எந்த மௌலவி சொன்ன?"

"அஞ்சாம் வகுப்பு மௌலவி" என்றாள் ராத்தா.

அந்த மனுசிக்கு அது காணாது. ஏதோ புது வழக்கம் வந்திருக்கிறது என்று நினைத்து, எத்தனை நாளுக்குக் கட்ட வேண்டும், உள்ளே என்ன ஓத வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போனாள். வேறு காலமாக இருந்தால் நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்திருப்பேன். அவரிடம் சொல்லி அவரையும் சிரிக்க வைத்திருப்பேன்.

சனிக்கிழமை காலை பத்து மணியளவில் மகள் வந்தாள். பத்து மீற்றர் நூல் ஒன்று அளந்து முடிந்து வைத்திருந்தாள். ஒரு முனையைக் கல்லால் அமத்தி, மறு முனையில் குச்சியால் கோடு கீறி, அங்கிருந்து திரும்பவும் அளந்து போவதாகத் திட்டம். வழி சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.

"உம்மா, வாப்பாட போன எடுக்கட்டா? நான் அங்க போய் நிண்டு வீடியோ கோல் எடுக்கன். பூமியில இருந்து பாத்தா எப்படித் தெரியும் எண்டு நீங்களும் பாக்கலாம்."

அவருடைய கைபேசி அலுமாரியில் இருந்தது. விசயம் தெரியாமல் இன்னும் எடுக்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காக ராத்தா அதை சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். எடு என்றேன், கத்தரிக்கோலை எடு என்று சொல்கிற மாதிரி.

அவள் போய்க் கால் மணித்தியாலம் இருக்கும். என் கைபேசி அடித்தது. நான் குனிந்து பார்த்தேன். அவர்.

அப்படித்தான் நான் பதிந்து வைத்திருந்தேன், "அவர்" என்று மட்டும். கூடவே படமும் வந்தது. சாகாமம் குளக்கட்டில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம், நான்தான் எடுத்தது. எடுப்பது மகள் என்று எனக்குத் தெரியும். கால் மணித்தியாலத்துக்கு முன் நான்தான் அந்தக் கைபேசியை எடுக்கச் சொன்னேன். ஆனாலும் கை போகவில்லை. அடித்து முடிந்து நின்றது. திரும்பவும் அடித்தது. வழமையாக நான் முதல் தடவை எடுக்காவிட்டால் அவரும் இப்படி உடனே இரண்டாம் தடவை எடுப்பார்.

"எடு புள்ள" என்றாள் ராத்தா. அவள் என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

எடுத்தேன். முதலில் அவளுடைய செருப்பும் மணலும் தெரிந்தன. பிறகு எங்கள் ஒழுங்கை. எழுபது நாளுக்கும் மேலாக நான் காணாத ஒழுங்கை. சில்லறைக் கடை, கடை வாசலில் காஸ் சிலிண்டர், யாருடையதோ ஆடு. அதன் கடைசியில் சின்னதாக ஒரு மஞ்சள் வட்டம்.

"தெரியுதா உம்மா?"

"தெரியுது. கைய நேர நீட்டு. சுண்டுவிரல் நகத்தால சூரியன மறைச்சிப் பார்."

"மறையுது."

"நகம் முழுக்கத் தேவையில்ல, பாதியே காணும். அப்பச் சரி. வானத்துச் சூரியனும் அவ்வளவுதான் தெரியும். நூத்துப் பதினேழு வந்திட்டா?"

"இல்ல. நூத்திப் பன்னெண்டு."

"இன்னும் அஞ்சு மீற்றர் போகணும். ஏன் நிண்ட?"

"மதில் வந்திட்டு."

எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இருப்பது, ஊரில் மௌத்தானவர்களை அடக்குகிற பள்ளிவாசல் மையவாடியின் மதில். கல்யாணம் முடித்து இந்த வீட்டில் நான் பதினைந்து வருடம் இருக்கிறேன். அது எனக்கு ஒழுங்கை முடிகிற இடம், அவ்வளவுதான். கைபேசி மெல்லத் திரும்பியது. சாம்பல் நிறக் கல் மதில், அதில் பூ வடிவத் துவாரங்கள். அவள் ஒரு துவாரத்தோடு கைபேசியை ஒட்டி வைத்தாள். உள்ளே வெள்ளை மணல், புல், கபுறுகளின் தலைமாட்டில் வரிசை வரிசையாக நட்ட மீசான் கட்டைகள்.

"மூண்டாவது வரிச. புதுசா நிக்கிற கட்ட. தெரியுதா? சாச்சா சொன்ன அதுதான் எண்டு. பாத்தா அஞ்சு மீற்றர்தான் வரும். எனக்கு உள்ளுக்குப் போகேலா."

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை, சின்னப் பிள்ளைகள் என்றாலும் விட மாட்டார்கள். சாச்சா என்று அவள் சொல்கிற அவருடைய தம்பியும் மற்றவர்களும் அடக்கிவிட்டு வந்து எல்லாம் முடிந்தது என்று சொன்னார்கள், நான் சரி என்றேன். எங்கே என்று நான் கேட்கவே இல்லை. என் கணவரின் கபுறை நான் முதல் தடவையாகப் பார்த்தது அவருடைய கைபேசியில் இருந்துதான்.

"மிளகெண்டா கடையடியில முடிஞ்சிரும். கடுகெண்டா அடுத்த ஊட்டுக் கேற்றடிக்கே போகாது. மூண்டையும் அளந்து பாத்தன். கடலையெண்டாத்தான் வாப்பாட்ட வரும்" என்றாள்.

ஐந்து மீற்றர் என்பது கண் மட்டம், பிழை வரலாம், நூலால் அளந்தால்தான் தெரியும். என் வாய் அதைச் சொல்லத் தயாராக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவளுடைய கை திரையில் வந்தது, விரலிடுக்கில் கடலை. துவாரத்தால் கையை உள்ளே விட்டு வீசினாள்.

"போட்டுட்டன்."

"எங்க விழுந்த?"

"கிட்டத்தான். மணலுக்க போயிட்டு, தெரியல்ல."

கொஞ்ச நேரம் திரையில் மணல் மட்டும்தான் இருந்தது. கடல் சத்தம் கேட்டது.

"உம்மா, இப்ப அழுறீங்களா?"

ஓம் என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. இந்தப் பிள்ளை எழுபது நாளாகக் காத்திருந்தது இதற்காகத்தான் இருக்க வேண்டும். கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"இல்ல மகள்" என்றேன். "வருதில்ல."

அவள் கைபேசியை இறக்கியிருக்க வேண்டும், திரை இருண்டது. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் வருதில்ல" என்றாள்.

"இப்பயா?"

"ஒரு நாளும் வரல்ல. வாப்பாவக் கொண்டந்த அண்டைக்கும் வரல்ல. பெரியும்மாட சீலைக்குள்ள முகத்த வச்சிட்டு நிண்டன். எல்லாரும் நான் அழுறன் எண்டு நெனச்ச."

"அதுக்கு ஏன் என்னோட கதைக்கல்ல?"

"ஒங்களக் கல்லு எண்டு சொன்னாங்கதானே. நாம ரெண்டு பேரும் ஒண்டா இருந்தா என்னையும் கண்டு புடிச்சிருவாங்க."

எனக்கு அப்போது நொந்தது. எங்கே என்று சொல்லத் தெரியாது, ஆனால் நொந்தது. எழுபது நாளாக ஒரு மதிலுக்கு அங்கால் என் பிள்ளை சிரித்துச் சிரித்து ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறாள். நான் இந்தப் பக்கம் அறைக்குள் அவளுடைய கோபத்தை அளந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

"வீட்ட வா" என்றேன். "வந்து என்னோட இரி. ஒருத்தரும் கண்டு புடிக்க மாட்டாங்க."

அவள் ஓடி வந்தாள், மூச்சு வாங்கிற்று. திரையை விலக்கி உள்ளே வந்து, கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள். நான் அவளுடைய காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன். ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் செருப்புகள் கழற்றுகிற சத்தம். யாசீன் ஓத வந்த பெண்கள், நாலைந்து பேர் இருக்கும். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ராத்தா எங்கள் திரையை இரண்டு பக்கமும் இழுத்து மூடினாள்.

"இப்ப உள்ளுக்குப் போகாதீங்க" என்று அவர்களிடம் சொன்னாள். "உம்மாவும் மகளும் கட்டிப் புடிச்சி அழுறாங்க. கொஞ்சம் அழட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் இருந்தோம்.